கண்காணி

தோட்டப் பள்ளிக்கூட வாசலில்
என் மேலங்கியின் முதுகை
ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
கண்-கா-ணிப்-பா-ளர்.
"அடியே, புதுக் கங்காணி வந்திருக்கு!"
வரிசை சிரித்தது.
பிரட்டுக்கு நிற்கிற அதே வரிசை,
கூடை மட்டும் இல்லை.

பொகவந்தலாவைக்கு மேலே, டன்மோர், கீழ்க்கணக்கு.
காலை ஆறு ஐம்பது.
மூன்றாம் வகுப்புக்குள்ளும் பனி புகுந்து
வாய்ப்பாட்டு அட்டையை நனைத்திருந்தது.
தலைமை அலுவலர் சேனாரத்ன
வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.
செத்த கரப்பான் ஒன்று விழுந்தது.
எல்லாக் கட்சி முகவர்களும்
அதை ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள்.
கேள்வி நான்கு: பெட்டி காலியாக இருந்ததா?
ஆம் என்று கோடிட்டேன்.

என்னோடு வந்தவள் தோக்கோ, மலாவி நாட்டுக்காரி.
அவள் ஊர்த் தேர்தலுக்கு
அண்டை நாட்டார் கோட்டும் தொப்பியுமாய் வந்திறங்கி
ஏரிக்கரை ஹோட்டலில் தங்கி
இரண்டாம் நாளே அறிக்கை வாசிப்பார்களாம்:
பெரும்பாலும் அமைதி.
"அந்தப் பெரும்பாலுக்கு வெளியே
எங்கள் மலை இருந்தது" என்றாள்.

அங்கேயும் மலை. அங்கேயும் தேயிலை.
படிக்கட்டோரச் செடியில்
பேச்சுவாக்கில் அவள் விரல் கிள்ளியது,
இரண்டு இலை, ஒரு அரும்பு.
வரிசை சட்டென்று அமைதியானது.
"கையப் பாரு," யாரோ முணுமுணுத்தார்கள்,
"நம்ம கை."

உள்ளே, சாயம் ஏறிய சுண்டுவிரல்களில்
மை எது கறை எது என்று தெரியாமல்
ஒரு பையன் இரண்டாம் தரமும் பூசிக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்கு யோகமலர் வந்தாள்,
அரைப் பேர் போனாலும் போகட்டும் என்று
மேல்மலையிலிருந்து இறங்கி,
காலில் அட்டை கடித்த ரத்தம் காயாமல்.
பட்டியலை மூன்று தரம் புரட்டினார்கள்.
செத்து ஆறு வருஷமான மாமியார் இருந்தாள்,
இலக்கம் இருநூற்றுப் பதினேழு.
யோகமலர் இல்லை.

"செக்ரோலுல எம்பேரு
ஒரு நாளும் தவறினதில்லையே"
என்று சுவரிடம் சொன்னாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

பயிற்சியில் சொன்னது இவ்வளவுதான்:
பார்க்கலாம். எழுதலாம். பேசக் கூடாது.
என் பதவியின் பெயரில் கண் இருக்கிறது,
வாய் இல்லை.

போகிறபோது நின்று,
கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:
"மாமி ஓட்ட யாராச்சும் போட்டுறப் போறாங்க.
அதையாவது பார்த்துக்குங்க."

பார்த்தேன்.
பகல் சோற்றுப் பொதியைப் பிரித்தபோதும்
மழை தகரத்தில் இறங்கியபோதும்
கேள்வி இருபத்தாறு, முப்பது, நாற்பது என்று
தோக்கோ கட்டங்களை நிரப்பியபோதும்
நான் இருநூற்றுப் பதினேழையே பார்த்திருந்தேன்.
ஊன்றுகோலோடு ஒரு கிழவி நுழைந்தபோது
நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது.
அவள் நூற்று எட்டு.

நான்கு மணிக்குக் கதவு சாத்தினார்கள்.
பேனாக் கோடுகள் நிறைந்த அந்தத் தாளில்
ஒரு பெயர்மேல் கோடில்லை.

பெட்டி ஏறிய வேன் திரும்பும் வளைவில்,
கொழுந்து மடுவத்துப் பக்கம்,
படங்கைத் தலைக்குப் போட்டபடி நின்றிருந்தாள்.
கண்ணாடியை இறக்கினேன்.
"மாமி வந்தாங்களா?"

"வரல."

அன்று முழுவதும் நான் பேசிய
ஒரே சொல்.