ஐந்தாம் பங்கு

மூன்றாம் பாகம், எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
விலையும் ஏறக்குறைய அதுதான்.
ஆளுக்கு நூற்றைம்பது போட்டு
வேலூரிலிருந்து வரவழைத்தோம்
நாலாம் லைன்காரிகள் ஐந்து பேர்.

யார் முதலில் என்று
பள்ளிகொண்டா கம்பெனி பஸ்ஸில் இரண்டு நாள் சண்டை.
மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில்
ஷம்ஷாத் ஸ்கைவிங் கத்தியை எடுத்து
புத்தகத்தின் முதுகில் வைத்தாள்.
நாலே இழுப்பு, ஐந்து துண்டு.
தோல் அறுத்துப் பழகிய கை,
ஒரு எழுத்துக்கும் சேதமில்லை.

சீட்டுக் குலுக்கியதில்
எனக்கு வந்தது ஐந்தாம் பங்கு.
கடைசிப் பங்கு கடைசியில்தான் கைமாறும்,
அதுவரை நான் வாயைத் திறக்கக்கூடாது
என்பது பேச்சு.

தழலி யானைக் கொட்டடியில் ஒளிந்தது,
நீலமுகை சொந்தத் தங்கைமேலேயே வாள் வீசியது,
ஏழு கோட்டைப் பெண்களும் கருமணல் துறையில்
நள்ளிரவில் கூடித் தலைமயிர் அறுத்துப் போட்டது,
முதலிரண்டு பாகமும் எல்லோருக்கும் மனப்பாடம்.
இப்போது நான் மட்டும்
நடுவைத் தாண்டி முடிவில் குதித்தவள்.
யார் செத்தார்கள் என்று தெரியும்,
எதற்கு என்று தெரியாது.

"தழலி இருக்காளா, அத்த மட்டும் சொல்லு மே."
தொர்க்காள் கேட்பாள்,
தினமும், மாதனூர் தாண்டியதும்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
பாலாற்றில் மணல் மட்டும் போய்க்கொண்டிருக்கும்,
லாரியில்.

பக்கம் அறுநூற்று நாற்பத்தொன்று.
தழலி வலக்கையை உயர்த்துகிறாள்.
அம்பு அக்குளில் நுழைகிறது.
மார்க்கவசமும் தோள்பட்டையும் சேருமிடத்தில்
தையல் விட்டிருந்ததாம்.
மூன்று நாள் மழையில் ஊறிய தோலாம்.

எழுதியவருக்குக் குதிரை தெரிகிறது.
விஷம் தெரிகிறது.
நட்சத்திரம் பார்த்துப் படை நடத்தத் தெரிகிறது.
தோல் தெரியவில்லை.
அக்குளில் யாராவது ஒற்றைத் தையல் போடுவார்களா?
ஓரம் மடிக்காமல்? உள்ளே நாடா வைக்காமல்?
எங்கள் லைனில் அது
செக்கிங் மேசையைக்கூடத் தாண்டாது.
எவனோ ஒரு ஜெர்மன்காரன்
ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டு வரும் ஷூவுக்கே
இன்ச்சுக்குப் பத்துத் தையல், இரட்டை நூல்.
ஏழு கோட்டையிலும் தேடி
ஒரு தையல்காரி கிடைக்கவில்லையா அவளுக்கு?
அழுகை வரவில்லை எனக்கு.
ஆத்திரத்தில் ராத்திரி சோறு இறங்கவில்லை.

மூன்று வாரத்தில் நாலு பங்கையும் விழுங்கிவிட்டு
தொர்க்காள் என்னிடம் கையை நீட்டினாள்.
கொடுத்தேன்.
மறுநாள் அவள் சீட்டு காலி.
அதற்கடுத்த நாள் வந்தாள்.
மாதனூர் தாண்டியது,
ஒன்றும் கேட்கவில்லை.
ஆம்பூர் பாலத்தில் ஏறும்போது
என் பக்கம் திரும்பி,
"ஒத்தத் தையலா மே அது?" என்றாள்.

மத்தியானம் ரிஜெக்ட் குவியலைக் கிளறி
லைனிங் தோல் துண்டு ஒன்றை எடுத்தாள்.
கையைத் தூக்கி, தன் அக்குளிலேயே வைத்து
வளைவை மார்க் பண்ணினாள்.
வெட்டினாள். ஓரம் சீவினாள். மடித்தாள். நாடா.
மெஷினில் ஏழு நிமிஷம், இரண்டு வரிசை.
"இழு" என்று நீட்டினாள்.
இன்னும் மூன்றாம் பங்கிலேயே இருக்கும் ஷம்ஷாத்
எதற்கு என்று கேட்காமல்
இரண்டு கையாலும் இழுத்தாள்.
காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள்.
விடவில்லை.
பிறகு அந்த வளைவை விரல்களில் திருப்பிப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
தொர்க்காளைப் பார்த்தாள்.
"அல்லா" என்றாள் சன்னமாக.
"தழலியா?"

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.
துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து
"தையல் நல்லாத்தான் இருக்கு,
இது எந்த ஆர்டர்?" என்றார்.

"அவசர ஆர்டர் சார்" என்றாள் தொர்க்காள்,
ஊசியில் அடுத்த நூலைக் கோத்தபடி.
"மூணு நாளா மழ அங்க."