ஆள் இல்லை

புதுவயல் அரிசி ஆலையின் மூன்றாம் கிடங்கு,
பதினைந்து நாள் வாடகைக்கு.
புரொஜெக்டரின் காற்றாடிக்குள் தவிடு.
சூசை தேவகோட்டையிலிருந்து பைக்கில் வந்து
ஊதி ஊதி எடுத்துவிட்டு
"இது என்னம்மா, சினிமாவா?" என்றார்.
சினிமா இல்லை.
ஒரு மரத்தட்டு, அதில் நாலு விரற்கடை நெல்,
நெல்லுக்கு அடியில் எடையுணரும் தகடுகள்.
கையை அமுக்கினால்
எதிர்ச்சுவர் முழுக்க நிறம் பரவும்.
அழுத்தத்துக்கு ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று,
சும்மா விரலால் அளைந்தால் அதற்கும் ஒன்று.

மனசில் இருப்பதைச் சொல்ல வாய் வராதவர்களுக்கு
என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.
பணம் கொடுத்தவர்களுக்கு அந்த வரி பிடித்திருந்தது.
எனக்கும், அப்போது.

முதல் நாள் லோடுமேன் அடைக்கலம்.
லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு
மெதுவாகத்தான் வைத்தார்.
சுவர் சிவப்பாய் வெடித்தது.
மூலையில் எழுத்து வந்தது: கோபம்.
வரிசையில் நின்றவர்கள் ஓர் எட்டுப் பின்வாங்கினார்கள்.
"கோவமெல்லாம் இல்ல தங்கச்சி,
எழுவத்தஞ்சு கிலோ மூட்டை. கை அப்புடி."
சிரித்தார். யாரோ டீ வாங்கப் போனார்கள்.
நான் சிரிக்கவில்லை.
பெங்களூரில் எட்டுப் பேரை வைத்து
அளவெடுத்திருந்தேன்.
எட்டும் விசைப்பலகைக் கைகள்.

அன்றிரவு காரைக்குடி லாட்ஜில்
ஒவ்வொரு கைக்கும் அதனதன் சுழியம் என்று மாற்றினேன்.
பெயர்களை அழித்தேன்.
கோபம் போனது, சோகம் போனது,
மகிழ்ச்சி போகும்போது
ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டுப் போனதால்
மூன்று மணிவரை எதுவுமே ஓடவில்லை.

மறுநாள் அடைக்கலம் கை வைத்ததும்
மாம்பிஞ்சுப் பச்சை.
"இது யாரோடது?" என்று
பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை இராக்கு.
களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டுகிறவர்.
தட்டைப் பார்த்ததும் பாதத்தைத் தூக்கிவிட்டார்,
பிறகு நினைத்துக்கொண்டு
கையை வைத்தார், மணிக்கட்டுவரை.
சாம்பலும் நீலமுமாய் ஒன்று கசிந்தது.
அப்புறம் அவர் அசையவில்லை.
விரல்கூட.
முப்பது நொடியில் சுவர் அணைந்தது.

அது நான் எழுதிய வரி.
முப்பது நொடி அசைவில்லை என்றால்
ஆள் இல்லை, விளக்கை அணை.
மின்சாரச் சிக்கனம்.

மடிக்கணினியை நோக்கி ஓடினேன்.
"இருக்கட்டும்" என்றார்
இருட்டுக்குள்ளிருந்து, கையை எடுக்காமல்.
வெளியே உமி லாரி பின்னால் வரும் பீப் பீப்.
வரிசை முணுமுணுத்தது,
கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டது.
அவர் முகம் பார்க்க வேண்டும்போல் இருந்தது.
பார்க்கவில்லை. யாருடைய செல்போனும் அப்போது எரியவில்லை,
அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பதினோரு நிமிடம்.
கையை உதறி, ஒட்டிய நெல்லைத்
தட்டிலேயே தட்டிவிட்டு
"நெல்லு நமுத்துப் போச்சு,
இத்தன பேரு வேர்வை. வெயில்ல போடுங்க" என்றார்.
நாலரைச் சங்கு ஊதுமுன் களத்துக்குத் திரும்பிவிட்டார்.

காலையில் வெயிலில் போட்டேன்.
காய்ந்த நெல் எடை குறைந்து
எல்லாச் சுழியமும் கோணிக்கொண்டது, மறுபடி அளவெடுத்தேன்.
அந்த முப்பது நொடி வரியையும் எடுத்தேன்.
எடுத்தபின் யாரும்
அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

கடைசி நாள் ஆலைக் கணக்கர் நாச்சியப்பன்
நெல்லைத் திரும்ப நிறுத்து
அரைக் கிலோ குறைகிறது என்றார்.
காய்ச்சல் போக மீதி
நகக்கண்ணில், சட்டைப்பையில்,
எந்தெந்த வீட்டுக்கோ போயிருக்கும்.
"எழுதிக்கவா?"
"எழுதிக்குங்க."

அறிக்கைக்கு ஓர் எண் கேட்டிருந்தார்கள்:
ஒரு நிமிடத்துக்கு மேல் ஈடுபட்டவர்கள் எத்தனை பேர்?
பதிவுக் கோப்பு இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.
வியாழன், நான்கு பத்து முதல் நான்கு இருபத்தொன்றுவரை
ஆள் இல்லை என்றது.
இருநூற்றுப் பதின்மூன்று என்று
கையால் நிரப்பி அனுப்பினேன்.