கொம்பன்சுறா

இரவு ஒன்றரைக்கு
அருமனையில் ஒரு ஜன்னல் மட்டும் நீலமாக எரியும்.
அது என்னுடையது.
மூன்று பேர் என் மூச்சைக் கேட்டபடி காத்திருப்பார்கள்.
ஒருவன் கூடலூர், ஒருவன் துபாயில் லேபர் கேம்ப்,
இன்னொருவன் ஊரைச் சொன்னதேயில்லை.
"வலது மாடியில ரெண்டு பேரு.
நான் சொல்லாம ஒருத்தனும் சுடப்பிடாது."
சுட மாட்டார்கள்.
அங்கே எனக்குப் பெயர் கொம்பன்சுறா.

ஜெயித்த பிறகு நெஞ்சு ஒரு நிமிடம் பெரிதாகும்.
நாலு மணிக்கு
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள்
என் ஜன்னலைப் பார்த்து
பையன் படிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.
நெஞ்சு பழைய அளவுக்கு வந்துவிடும்.

பகலில் நான்
மார்த்தாண்டம் பஸ்ஸில்
எட்டு ரூபாய் பாக்கியைக் கேட்காமல் இறங்குகிறவன்.
கண்டக்டர் பின்னால் கிறுக்கித் தந்த டிக்கெட்டுகள்
பர்சில் தடித்துக் கிடக்கின்றன.
நாகர்கோவிலில் ஒரு பைக் ஷோரூமில்
"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள்.
ஏசி ஓடும் சத்தத்தை
அவ்வளவு கவனமாக அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அம்மா சர்ச்சில் ஜெபக்குறிப்பு கொடுத்திருக்கிறாள்:
மகன் செல்லுக்குள்ள விழுந்து கிடக்கியான்.
கிணற்றில் விழுந்ததைப்போல.
இருக்கலாம்.
ஆனால் பத்தாம் வகுப்பில்
கரும்பலகை முன்னால் என் நாக்கு ஒட்டிக்கொண்டபோது,
நாற்பத்திரண்டு பேர் சிரித்தபோது,
என்னிடம் செல் இல்லை.
கிணறு முதலிலா, வழுக்கல் முதலிலா
என்று யாராவது கேட்டால் சொல்லலாம்.
கேட்கிறவர்கள் பதிலோடுதான் வருகிறார்கள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே எழுப்பினாள்.
நான் படுத்தது நாலரைக்கு.
"மக்கா, கூட வா.
எனக்க விரலு அந்த மிஷின்ல விழ மாட்டேங்குது."

ரேஷன் கடையில் ஐந்து தடவை வைத்தாள்.
ஐந்து தடவையும் சிவப்பு.
"கையத் தொடச்சிட்டு வையும், தங்கபாய்."
பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
அம்மா சேலையில் துடைத்தாள்,
துடைத்த விரலையே மறுபடி துடைத்தாள்.

"அது அழுக்கு இல்ல. அண்டி எண்ண."
சொன்னது நான்தான்.
கடைக்காரருக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றார்.
ஒன்றை இரண்டாம் தடவை சொல்வது,
எனக்கு எப்போதும் அங்கேதான் தொண்டை அடைக்கும்.
வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.
மியூட் பொத்தான் எங்கேயும் இல்லை.
"அண்டி ஆபீஸ்ல தோடு உடைக்கிய கை, சார்.
பத்தொம்பது வருசம்.
ரேகையெல்லாம் எண்ண தின்னுட்டு."
குரல் ஆடியது. நன்றாகவே ஆடியது.
ஆனாலும் கடைசிச் சொல்வரை போய்ச் சேர்ந்தது.

என் கட்டைவிரலை வைத்தேன்,
இரவெல்லாம் கண்ணாடியைத் தேய்த்து
நடுவில் காய்த்துப்போன அதை.
பச்சை.

இருபது கிலோ அரிசியைத் தோளில் ஏற்றும்போது
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
பாதி வழியில் மட்டும் கேட்டாள்:
"நீ இப்பிடி சத்தமாட்டு பேசுவியோ?"

அன்று இரவும் ஜன்னல் நீலமாகத்தான் எரிந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.
"சுறா, ஏன் லேட்டு?" என்றான் ஊரைச் சொல்லாதவன்.
"அரிசி சொமந்த அலுப்பு. ஒறங்கிப் போனேன்."
பிறகு, எதற்கென்று தெரியவில்லை,
எனக்க பேரு ரெஜின் என்றேன்.
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
இடது மாடியிலிருந்து ஒருவன்
என்னைச் சுட்டுவிட்டான்.