பதினொரு கதவுகள்

பாஸ் வந்து பார்த்தார்.
ஒரு கதவைத் திறந்தார், மூடினார்,
காதில் செருகிய பென்சிலை எடுக்கவேயில்லை.
"தொண்ணூறாயிரம் மிஸ், சாமான் புறம்பு."
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே காலி வீதி ஹாட்வெயாரில்
அரத்தாள் மூன்று விதம், பிரைமர் ஒரு லீற்றர்,
'கடல்நுரை' என்று பெயர்போட்ட பச்சை இரண்டு லீற்றர்.
எந்தக் கடல் என்று கேட்க வாய் வந்தது.
மூன்றாம் மாடி யன்னலால் நான் பார்க்கிற கடல்
வெள்ளவத்தை வாய்க்கால் விழுகிற இடத்தில்
பழுப்பாய்த்தான் நுரைக்கும்.

சனிக்கிழமை
பதினொரு கதவுகளையும் கழற்றினேன்.
பிணைச்சல்கள் உப்புக்காற்றில் ஊறி
ஒவ்வொரு திருகாணியும் ஒரு வழக்குப் பேசிற்று.
கதவுகளை விறாந்தையில், மேசையில், கட்டிலில்
நோயாளிகளைப் போலப் படுக்கப்போட்டேன்.
இலக்கம் இட மறந்தேன்.
(இது பிறகு வரும்.)

கதவில்லாத அலுமாரிகள்
பல் டொக்டரிடம் வாய் திறந்து கிடப்பவை.
சொத்தை எல்லாம் வெளியில்:
மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள்,
கலியாணத்துக்கு வந்து இன்னும் பெட்டி பிரியாத
கேக் அடிக்கும் மெஷின்,
காலாவதியான கோதுமை மாவுக்குள்
யாரையும் எதிர்பாராமல் வாழ்ந்துகொண்டிருந்த வண்டுகள்.

பிசுக்குக் கழுவவே அரைநாள்.
வினாகிரி, சவர்க்காரம், பழைய பல் பிரஷ்.
அடுப்புக்கு மேலிருந்த கதவில்
ஒன்பது வருசத்துப் பொரியல்
மஞ்சள் மெழுகாய் உருண்டு வந்தது.
எத்தனை சூடை மீன், எத்தனை அப்பளம்.
போன் பேசிக் கருக்கிய கத்தரிக்காயும்
இதற்குள் எங்கோ இருக்கவேண்டும்.

அரத்தாள் தேய்க்கத் தேய்க்க
கிரீமுக்குக் கீழே மாம்பழ மஞ்சள்,
அதற்கும் கீழே ஆஸ்பத்திரி நீலம்.
எங்களுக்கு முன் இருந்தவர்களுக்கும்
இப்படி ஒரு சனிக்கிழமை பிடித்திருக்கிறது.

சிங்க்குக்குப் பக்கத்துக் கதவின் உட்புறத்தில்
யோகேந்திரனின் பென்சில் எழுத்து.
காஸ் சிலிண்டர் மாற்றிய திகதிகள்,
ஒன்றரை மாதத்துக்கு ஒன்றாய், பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி.
ஓரிடத்தில் வரிசை நின்றுவிடுகிறது.
அந்த இடைவெளியில் என்னுடைய கையெழுத்து:
"மண்ணெண்ணெய்." அதற்குக் கீழே, "அதுவும் இல்லை."
பிறகு ஒரு திகதி, இரண்டு தரம் அடிக்கோடிட்டு.

துறைமுகத்தில் இரவு வேலைக்காரனுக்குப் போன் எடுத்தேன்.
"அடிக்கிறதா, விடுகிறதா?"
கிரேன் சத்தத்துக்குள்ளால் சொன்னார்:
"அடி. திரும்பி எழுதலாம்தானே."
அடித்தேன். முதல் பூச்சில் தெரிந்தது.
இரண்டாவதில் 'ணெய்' மட்டும்.
மூன்றாவதில் கடல்நுரை.

ஒரு கிழமை காய விடுங்கள் என்று தகரத்தில் இருந்தது.
ஞாயிறு மழை. அவர் வருவதற்குள்
முடித்துக் காட்டும் ஆசை.
பதினொன்றையும் மாட்டி, மூடி,
லைற்றைப் போட்டுப் பார்த்தேன். அணைத்துப் பார்த்தேன்.
திரும்பவும் போட்டேன்.

திங்கள் விடிய ஐந்தரை,
தேயிலை இருந்த கதவு திறக்கவில்லை.
சீனிக் கதவும்.
இழுத்தேன், கெஞ்சினேன், தோள் கொடுத்தேன்.
சட்டமும் கதவும் இரவோடிரவாய்
ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டிருந்தன.

வெறுங்கோப்பையோடு நாலாம் மாடி ஏறி
மல்காந்தி வீட்டு மணியை அடித்தேன்.
"பெயின்டா?" என்றாள் கதவு திறக்குமுன்.
படிக்கட்டு முழுக்க மணம்.
தேத்தண்ணி தந்தாள், கையில் ஒரு பட்டர் கத்தியும்.
கூடவே இறங்கி வந்து ஸ்டூலில் குந்தி
நான் கத்தியை நுழைப்பதைக்
கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

டக்.
திறந்தது. விளிம்பில் நகமளவு உரிந்து
கீழே அந்த ஆஸ்பத்திரி நீலம்.

இன்னொரு விசயம்: ஐந்தாவதும் எட்டாவதும்
இடம் மாறிவிட்டன போல.
காலை ரயில் கடற்கரையால் அதிர்ந்து போகும்போது
ஒரு கதவு தானாய்த் திறந்து
கேக் மெஷினைக் காட்டுகிறது.
எழும்பிப் போய் மூடுகிறேன்.

பாஸ் கேட்ட காசு நியாயம்தான்.
இதை யாருக்கும் சொல்லப்போவதில்லை.