ஆணி அடிக்கக் கூடாது

சாவியைக் கொடுக்கும்போதே
அசனார் ராவுத்தர் சொல்லிவிட்டார்:
வாடகை அஞ்சாம் தேதி.
தண்ணி ஒண்ணு விட்டு ஒரு நாள்.
சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது.

வேலந்தாவளம் சந்தைக்குப் பின்னால்
இரண்டு அறையும் ஓர் அடுப்படியும்.
வாசலில் நின்று தும்மினால் கேரளத்துக்குக் கேட்கும்.
செல்போனுக்கு இன்னும் தெளியவில்லை,
துணி துவைக்கப் போனால் ஒரு மாநிலம்
உலர்த்தப் போனால் ஒரு மாநிலம்
என்று வரவேற்றுக்கொண்டே இருக்கும்.

கையில் இரண்டாயிரத்து முந்நூறு.
முட்டை டிப்போவில் பில் போடுகிறவளிடம்
மாசக் கடைசியில் அவ்வளவு இருந்ததே அதிசயம்.

முதலில் சுண்ணாம்பு.
நீலப்பொடி கை தவறிக் கூடிப்போய்
ஒரு சுவர் மட்டும்
மழைக்குச் சற்று முந்திய வானமாகிவிட்டது.
மேலே இன்னொரு பூச்சு கொடுத்துரலாம் என்றார் இவர்.
இருக்கட்டும் என்றேன்.
அப்புறம் அந்த வீட்டில்
அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

கொழிஞ்சாம்பாறை பழைய மரக்கடையில்
இடித்த வீடுகளின் கதவுகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன,
உள்ளே போக எதுவுமில்லாமல்.
ஒற்றைக் கதவு ஒன்று, பச்சை உரிந்து
அதற்கடியில் முந்தைய மஞ்சள் தெரிய.
அவன் மலையாளத்தில் எண்ணூறு என்றான்.
நான் தமிழில் முந்நூறு என்றேன்.
இரண்டுக்கும் நடுவிலான ஒரு பாஷையில்
நானூற்றைம்பதுக்கு முடிந்தது.
நாலு ஹாலோபிளாக் கல்லின்மேல் படுக்கவைத்தோம்.
சாப்பாட்டு மேசை.
தாழ்ப்பாள் இன்னும் வேலை செய்கிறது;
நிதின் சாப்பிட்டு முடித்ததும்
அதைச் சாத்திவிட்டுத்தான் கை கழுவப் போவான்.

வண்ணாமடை லாண்டரியில்
யாரும் திரும்பி வாங்க வராத வேட்டிகள் ஐந்து,
ஒன்று அறுபது ரூபாய்.
ஒன்றில் கரை சிவப்பு, ஒன்றில் மாம்பழம்,
ஒன்றில் யாரோ சிந்திய சாம்பார்.
சாம்பாரைக் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன்.
ஆடியில் கணவாய்க் காற்று வந்தபோது
ஐந்து முகமறியா ஆண்கள்
சன்னலில் ஒரே நேரத்தில் இடுப்பை இறுக்கிக்கொண்டார்கள்.

நாற்காலிகள் மூன்று, மூன்று ஜாதகம்.
ஒன்றின் காலுக்கு அடியில்
மடித்த முட்டை அட்டை.
கொப்பரைச் சாக்கை விரித்துத் தைத்த மிதியடி
முதல் வாரம் முழுக்க எண்ணெய் மணத்தது.
காது போன கோப்பைகளில் வெற்றிலைக்கொடி.

ஆணி?
கிழக்குச் சுவரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.
துரு ஏறி, சற்றே தலை குனிந்து.
அதிலிருந்து சன்னல் கம்பிக்கு
ஒரு கயிறு இழுத்துக் கட்டினேன்.
கண்ணாடி, மூன்று தகர டம்ளர்,
காய்ந்த கதிர்க் கொத்து,
நிதின் வரைந்த ஆறு கால் யானை,
மினுக்கு விளக்குச் சரம்
எல்லாம் அந்த ஒரே ஆணியின் தயவு.

அஞ்சாம் தேதி வந்தார் ராவுத்தர்.
நேராக அதன் முன் நின்றார்.
இது?
முன்னாடியே இருந்துச்சுங்க.
விரலால் தொட்டு அசைத்துப் பார்த்தார்.
அசையவில்லை.
அட்டை வைத்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்,
மற்ற இரண்டும் காலியாக இருந்தும்.
தேநீர் ஆறும்வரை பேச்சில்லை.
தாழ்ப்பாளை
இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசத்துலருந்து ஐநூறு கூட்டிக் கொடுங்க, என்றார்.
வீடு இப்ப வீடு மாதிரி இருக்குதே.

எனக்கு வந்த கோபத்துக்கு
கயிறு அறுந்திருக்க வேண்டும்.
வந்தப்ப இருந்த வீட்டுக்குத்தானே வாடகை,
நாங்க வச்சதுக்கு நாங்களே எப்படிங்க கொடுக்கறது?
நூறு என்றேன். முந்நூறு என்றார்.
இருநூறில் நின்றது.

செருப்பை மாட்டியவர்
மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார்,
நீலச் சுவரை.
எங்க வீட்டு முன்னறைக்கும் அடிக்கணும்.
எத்தனை பொட்டலம் போட்டீங்க?

தெரியலைங்க, என்றேன்.
கை தவறின அளவு.