மஞ்சள் இலை

மஞ்சள் இலை வேணுமெண்டாள் சாந்தேரி.
பழுத்ததைச் சொல்லுறாளாக்கும் எண்டு
பலாமரத்தடியைக் கையால் காட்டிப்போட்டு
நான் வங்கிக்குப் போயிட்டன்.

பின்னேரம் வந்து பார்க்க
குசினி மேசையில் பதினெட்டுப் பழுத்த பலாவிலை.
அம்மா பொறுக்கிக் கழுவித் துடைச்சு
அடுக்கி வைச்சிருக்கிறா.
பக்கத்தில் அவள்,
சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு
முடிவெடுக்காத முகத்தோட.

அண்ணன் மங்களூருக்குப் படிக்கப்போய்
கட்டிக்கொண்டு வந்தவள்.
கொங்கணி பேசுறவை எண்டான்.
என்ன சாப்பிடுவினம் எண்டு கேட்டா அம்மா.
மீன் எண்டான்.
அதோட அம்மா சமாதானம்.

ஆனால் மீனிலதான் வழக்குத் துவங்கினது.
நாங்கள் தேங்காயைப் பிழிஞ்சு
முதற்பால் வேறை, கடைப்பால் வேறை எண்டு
சாதி பிரிச்சு வைக்கிறனாங்கள்.
அவள் பூவை அப்பிடியே போட்டு
செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து
வெண்ணெய் மாதிரி அரைப்பாள்.
"பிழியாமலோ?" எண்டா அம்மா.
"எறியிறதோ?" எண்டாள் அவள்,
எங்கட சக்கையைப் பார்த்து.

கும்பளா மீனுக்குள்ள
ஏதோ கறுத்தக் கொட்டை போட்டாள்.
தெப்பலாம்.
பலாலியில சுங்கக்காரன் மூண்டுதரம் மணந்து பார்த்து
மனமில்லாமல் விட்ட சாமான்.
கடிச்ச உடனை நாக்கு நுனி விறைச்சுப்போச்சு.
"பல்லுக்கொதிக்கு நல்லது" எண்டா அம்மா.
அது புகழ்ச்சியோ எண்டு
இண்டைவரைக்கும் தெரியாது.

வெள்ளி எங்களுக்கு மச்சமில்லை.
திங்கள் அவளுக்கு மச்சமில்லை.
ரெண்டையும் பிடிக்கிறதெண்டு முடிவாச்சு.
பூனை பின்வீட்டுக்குக் குடிபோயிட்டுது.

ஆடிப்பிறப்பண்டு கூழ் காய்ச்சினம்,
பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி.
பச்சைப் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி
அள்ளிக் குடிக்க நீட்டினன்.
அவள் குடிக்கேல்லை.
இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு நாலு இலையை ஈர்க்கால தைச்சு
கோப்பையாக்கிக் காட்டினாள்.
அவையின்ர ஊரில
அதுக்குள்ள உழுந்துமா வார்த்து அவிப்பினமாம்.
எங்களுக்கு ஓர் இலை, அவைக்கு நாலு.
அண்டைக்கு மூண்டு கோப்பை கூழ் குடிச்சாள்.

மஞ்சள் இலைக் கதை அதுக்குப் பிறகு.
அவள் கேட்டது மஞ்சட் செடியின்ர இலையை.
கடையில மஞ்சள் தங்கவிலை வித்த வருசம்
உரும்பிராயில ஆர் நடேல்லை?
இப்ப மிச்சமிருக்கிறது
மனோரஞ்சிதம் அக்காவின்ர ரெண்டு பாத்திதான்.
"இலையை வெட்டினால் கிழங்கு பருக்காது"
எண்டு வேலிக்கு மேலால கத்தினா.
பிறகு இறங்கி வந்து
புதருக்கு ரெண்டு, வெளி இலை மட்டும் எண்டு
தானே எண்ணி வெட்டினா.
காசு வேண்டேல்லை.
"அந்தக் கறுத்தக் கொட்டைக் குழம்பில
ஒரு கிண்ணம். எனக்குக் கடைவாய்ப் பல்லு."

நாகபஞ்சமி.
எங்கட வீட்டில அது சும்மா ஒரு பஞ்சமி.
பாம்புக்குரிய மரியாதையை
நயினாதீவுத் தேரோட குடுத்து முடிச்சாச்சு.
அவள் விடிய எழும்பித் தோய்ஞ்சு
அரிசியை அரைச்சு இலையில பூசினாள்,
சுவருக்கு வெள்ளை அடிக்கிற கவனத்தோட.
நடுவில தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் ஏலக்காயும்.
பனங்கட்டி கறுப்பெண்டு கொஞ்சம் முகம் சுளிச்சாள்.
மடிச்சாள். அவிச்சாள்.

மூடி திறக்க
வீடு முழுக்க ஒரு பச்சை வாசம்.
மழை பெய்யாத ஆடியில
மழை பெய்ஞ்ச தோட்டம் மாதிரி.
இலையை உரிச்சால்
நரம்பெல்லாம் மாவில பதிஞ்சு கிடந்தது.
அம்மா ரெண்டு சாப்பிட்டா.
மூண்டாவதை எடுத்து
"எங்கட கொழுக்கட்டைதானே" எண்டா,
விட்டுக்குடுக்காமல்.

இரவு வவுனியாவிலயிருந்து அண்ணன் எடுத்தான்.
பொஞ்சாதியெண்டு நினைச்சு
"ஜேவண் ஜாலெவே?" எண்டு கேட்க
அம்மா சொன்னா:
"ஓம், ஜாலெ. நீ சாப்பிட்டியோ?"

மேசையில இன்னும் கிடக்குது
பதினெட்டுப் பலாவிலை,
சுருண்டு காய்ஞ்சு.
அம்மா கழுவினதெண்டு அவள் எறியாள்.
அவளுக்குப் பொறுக்கினதெண்டு அம்மா எறியா.
நான் அதை ஒதுக்கிவைச்சு
சாப்பாட்டுக் கோப்பையை வைக்கிறன்.