மீதி ஒன்பது

டாக்டர் ஔனெ சொல்வதை
இப்போது நான் தட்டச்சு செய்வதில்லை.
அவர் பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடுகிறது.
என்னிடம் வந்து சேர்வது மிச்சம்:
சிவப்புக் கோடு விழுந்த சொற்கள்,
ஆளில்லாத ரத்தப் பரிசோதனைகள்,
"வலி இல்லை" என்று அவர் சொல்லி
"வலி எல்லை" என்று மென்பொருள் எழுதியது.

ஒலிநாடாவில் அவர் இருமுவார்.
சில நேரம் பேச்சை நிறுத்திவிடுவார்.
எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்பதிலேயே
அடுத்த வாக்கியம் எனக்குத் தெரிந்துவிடும்.
மென்பொருள் மௌனத்தை வெட்டிவிடுகிறது.
கோப்பின் எடை குறையுமாம்.

அந்த நாட்கள் திரும்ப வேண்டாம்.
மிதிகட்டையை அமுக்கி அமுக்கியே
என் வலது கணுக்கால் வீணாய்ப் போனது.

ஹாம்மர்ஃபெஸ்டில் நவம்பர் கடைசி.
காலை பத்து மணி, சன்னலில் நீல இருட்டு.
திரையில் ஒரு மஞ்சள் கட்டம்:
ஒரே நபராக இருக்கலாம். 91 சதவீதம்.

ஒருவர் ஆய்லு ஹேத்தா. மற்றவர் அய்லோ ஹெத்தா.
சாமி மொழியில் அந்த முதல் எழுத்தின் தலைமேல்
சின்னதாய் ஒரு கோடு உண்டு.
பனிவண்டி கவிழ்ந்து, நினைவில்லாமல் வந்த இரவில்
யாரோ தற்காலிக எண் கொடுத்து
கோட்டையும் விட்டுவிட்டார்கள்.
பிறந்த மாதமும் ஒன்று தள்ளிப்போயிற்று.

ஆய்லுவுக்குப் பென்சிலின் ஆகாது.
அய்லோவுக்கு ஒவ்வாமை ஏதுமில்லை;
வியாழக்கிழமை இடுப்பில் அறுவை.

"ஒன்றாக்கு" என்கிறது பொத்தான்.
அடியில் எறும்பு எழுத்தில்: திரும்பப் பிரிக்க இயலாது.
தொண்ணூற்றொன்றை இயந்திரம் பார்த்துக்கொண்டது.
மீதி ஒன்பது என் மேசைக்கு.

தொலைபேசியில் காற்று, ஒரு நாய், பிறகு அவர்.
"சோல்ஃப்ரிட் பேசுகிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து.
மருந்து எதற்காவது நாக்கு வீங்கியதுண்டா?"
"எண்பத்தேழில். நீங்கள்தானே எழுதிக்கொண்டீர்கள்?"

எழுதினோம், வேறு ஒருவர் பெயரில் என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"அந்த இன்னொருவனுக்கு என்ன வயது?"
"உங்களைவிட ஒரு மாதம் இளையவர்."
"அப்படியானால் இங்கே அனுப்புங்கள்,
மான்களை எண்ண ஆள் போதவில்லை."

சிரித்துவிட்டு அமுக்கினேன்.
திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு
ஒரு பெயர், தலைக்கோட்டோடு.
அதன் பக்கத்தில் சிவப்பில் பென்சிலின்.

போன மாதம் என் பதவிக்குப் பெயர் மாற்றினார்கள்,
தரவுத் தர ஒருங்கிணைப்பாளர்;
சம்பளம் பழைய பெயரிலேயே வருகிறது.

காரணம் எழுதாமல் கட்டம் மூடாது.
முப்பது எழுத்துக்குள்.

"கேட்டேன்" என்று எழுதினேன்.